எய்ட்ஸ் வரி ஒன்று போட்டால் போதுமா? எச்.ஐ.வி. திட்டத்தைச் சொந்தக் காசில் நடத்தும் கணக்கு

செக்காலை ரோடு எழுதியது:

வணக்கம். காரைக்குடியில் பொருளியல் முதுகலை மாணவர்களுக்கு அரை நாள் வகுப்பு. தலைப்பு, வளரும் நாடுகள் தங்கள் எச்.ஐ.வி. திட்டத்தை உள்நாட்டு நிதியில் எப்படித் தொடர்ந்து நடத்துவது என்பது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்ததிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் கணக்குப்படி, குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளில் 2024-இல் எச்.ஐ.வி.க்குக் கிடைத்த பணம் சுமார் 1,870 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 52% உள்நாட்டுப் பணம். பாதிக்கு மேல் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, பிரேசில், தாய்லாந்து மாதிரி நாடுகளைக் கழித்துவிட்டு மலாவி, மொசாம்பிக், உகாண்டா என்று போனால் படமே வேறு.

எனக்குத் தெளிவாக வேண்டியவை மூன்று. சிம்பாப்வேயின் எய்ட்ஸ் வரியை மற்ற நாடுகளும் பின்பற்றலாமா? நம் பிள்ளைகளுக்கு ‘மகமை’ (கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் வியாபாரிகள் எடுத்து வைக்கும் பங்கு) என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். அடுத்து, காப்பீட்டு வழி எந்த நாட்டுக்குப் பொருந்தும்? கடைசியாக, வெளிநாட்டுப் பணம் படிப்படியாகக் குறையும்போது எந்தச் செலவை அரசு முதலில் தன் கணக்கில் ஏற்க வேண்டும்? எல்லாரும் ‘மருந்தை முதலில்’ என்கிறார்கள். அது சரிதானா?

---

ஐந்தொகை (தேவகோட்டை) எழுதியது:

தம்பி, மகமை உவமை நல்லதுதான், ஆனால் பாதி வழிக்குத்தான் வரும். மகமை வியாபாரப் புரள்வில் விழுவது. கையில் காசு புழங்கும் இடத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். சிம்பாப்வே வரி அப்படி இல்லை. அது கட்ட வேண்டிய வருமான வரியின் மேல் 3%. பல கட்டுரைகளில் ‘வருமானத்தில் 3%’ என்று தப்பாக எழுதுகிறார்கள். 100 டாலர் வரி கட்டுகிறவர் 103 கட்டுவார், அவ்வளவுதான். நிறுவன வரிக்கும் அதே கணக்கு. 1999-இல் கொண்டுவந்து 2000-இல் பிடிக்கத் தொடங்கினார்கள். பணம் தேசிய எய்ட்ஸ் கவுன்சிலுக்குப் போகும், பாதி ஏ.ஆர்.டி. மருந்துக்கு, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் மருந்துக்கு என்பது விதி.

அது ஏன் இத்தனை ஆண்டு நிலைத்தது என்றால், ஏற்கெனவே சம்பளத்தில் வரி பிடிக்கிற இயந்திரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. தனி வசூல் அலுவலகம் கிடையாது, தனிச் செலவு கிடையாது. அதுவே அதன் எல்லையும் ஆயிற்று. முறைசாரா வேலையில் இருப்பவர்கள் வருமான வரி வலையிலேயே இல்லை, அதனால் இந்த வரியிலும் இல்லை. 2007–08 பணவீக்கத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் வசூலித்த பணத்துக்கு ஆண்டுக் கடைசியில் பேப்பர் மதிப்புகூட இல்லை. 2009-இல் டாலரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வரி உண்மையான பணமாக மாறியது. இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வரவு உள்ளூர் நாணயம், மருந்து விலை டாலர். மலாவி 2023 நவம்பரில் தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பை இறக்கியபோது, ஒரு டாலர் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700-க்கு, அதாவது 44% ஏறியது. முந்தைய நாள் 100 பேருக்கு மருந்து வாங்கும் பணம் மறுநாள் சுமார் 69 பேருக்குத்தான் காணும்.

உகாண்டாவும் 2014 சட்டத்தில் எய்ட்ஸ் அறக்கட்டளை நிதி ஒன்றை எழுதியது. பீர், சாராயம், குளிர்பானம், பாட்டில் தண்ணீர் இவற்றின் வரி வருவாயில் 2%. எழுதியது சுலபம். விதிமுறை வகுப்பதிலும், நிதியமைச்சகம் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதிலும் ஆண்டுகள் ஓடின.

தனி வரி போடும் நாடுகளில் நடக்கக்கூடிய ஒரு சங்கதி இருக்கிறது, அதை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தனி வரியில் 2 கோடி வந்தால், நிதியமைச்சகம் பொது ஒதுக்கீட்டில் அதே 2 கோடியைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். இடது கையில் கொடுத்து வலது கையில் வாங்குவது. தடுக்க வேண்டுமானால் சட்டத்திலேயே அடிமட்டம் போட வேண்டும்: பொது நிதியிலிருந்து போன ஆண்டு கொடுத்தது, பணவீக்கம் சேர்த்து, இந்த ஆண்டும் குறையக் கூடாது. மூன்றாண்டு வரவுசெலவுத் திட்டம் போடும் நாடுகளில் இந்த ஒதுக்கீடு மூன்று ஆண்டுக்கும் தனிக் கணக்குத் தலைப்பாக, பெயரோடு தெரிய வேண்டும்.

பள்ளிக் கணக்குப் போல ஒரு கற்பனை நாடு வைத்துக்கொள்வோம். சிகிச்சையில் 3 லட்சம் பேர். 95% பேர் முதல்நிலை மருந்தான டி.எல்.டி.யில், அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஆளுக்கு ஆண்டுக்கு 45 டாலர் என்றால் 2,85,000 பேருக்கு 128.25 லட்சம் டாலர். மீதி 15,000 பேர் இரண்டாம் நிலையில் (முதல்நிலை மருந்து பலிக்காதவர்கள்), தாருனாவிர்–ரிட்டோனாவிர் ஆண்டுக்கு 210 டாலர், அது 31.5 லட்சம். ஆள் கணக்கில் 5%, மருந்துச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) பரிசோதனை ஆண்டுக்கு ஒன்று, 15 டாலர் என்று வைத்தால் 45 லட்சம். மொத்தம் சுமார் 205 லட்சம் டாலர். ஒரு சின்ன ஆப்பிரிக்க நாட்டின் பட்ஜெட்டில்கூட இது மலை இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதை மற்றவர்கள் சொல்வார்கள்.

கணக்குப் பார்வையில் ஒன்று. ஏ.ஆர்.டி. ஆயுள் முழுதும் எடுப்பது. இன்று சிகிச்சையில் சேர்த்த ஒவ்வொருவரும் அரசின் ஐந்தொகையில் பல பத்தாண்டுக்குப் பொறுப்புப் பக்கம் ஏற வேண்டியவர். பெரும்பாலான நாடுகள் இதை ஆண்டுச் செலவாக மட்டும் எழுதுகின்றன, பொறுப்பாக எழுதுவதே இல்லை.

---

கிடங்குச் சாவி எழுதியது:

மேலே ஐயா போட்ட கணக்கில் முதல் ஆண்டு தப்பும். பணம் இருந்தாலும் தப்பும்.

வெளிநாட்டுக் கொடையாளர் அனுப்பும் மருந்து நாட்டுக்குள் சுங்கம், மதிப்புக் கூட்டு வரி இல்லாமல் வரும். ஒப்பந்தத்திலேயே விலக்கு இருக்கும். சுகாதார அமைச்சகமே வாங்கத் தொடங்கினால் அந்த விலக்கு பல நாடுகளில் தானாக வராது. மருந்துப் பட்டியலைப் பெயரிட்டுத் தனி அரசாணை போட வேண்டும். போடாவிட்டால் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும், தாமதக் கட்டணம் ஓடும், காலாவதித் தேதி குறையும்.

அடுத்தது முன்பணம். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் கூட்டுக் கொள்முதல் வழியாக வாங்கினால்தான், 2023-இல் அது அறிவித்த 45 டாலருக்குக் கீழான விலை மாதிரி கிடைக்கும். அதற்கு முதலிலேயே பணம் கட்ட வேண்டும். பல நாடுகளின் நிதி விதியில், சரக்கு வந்து சேர்ந்து சரிபார்த்த பிறகுதான் பணம் தரலாம். அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை; நாளை தணிக்கையில் மாட்டுவது அவர். விதியைத் திருத்தாமல் டெண்டர் விட்டால், சின்ன நாடு, சின்ன அளவு, பணம் எப்போது வரும் என்று தெரியாது என்பதையெல்லாம் விற்பவர் விலையில் ஏற்றிவிடுவார்.

கையிருப்பு. டெண்டர் அறிவிப்பிலிருந்து கிடங்கு சேர ஆறு முதல் ஒன்பது மாதம் ஒதுக்குங்க. ஆறு மாதக் கையிருப்பு இல்லாமல் தொடங்கினால், ஒரு டெண்டர் தோற்றாலே மாத்திரை தீர்ந்துபோகும். அந்தக் கையிருப்பையும் முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டும். அதாவது முதல் ஆண்டுக்கு ஒன்றரை மடங்கு. ஐயா கணக்கில் மருந்து மட்டும் 159.75 லட்சம், முதல் ஆண்டு அது ஏறத்தாழ 240 லட்சம். இதை யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

‘சொந்தக் காசு வந்தால் தட்டுப்பாடு வராது’ என்று எழுதிவிடாதீங்க. மருந்தெல்லாம் இந்தியாவிலேயே தயாராகிறது, பணமும் இந்திய அரசின் பணம். அப்படியிருந்தும் 2022-இல் டெண்டர் இழுத்து டோலுடெக்ராவிர் குறைந்தது. தொற்றுள்ளோர் தில்லியில் நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) அலுவலகத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பணமும் சரக்கும் இரண்டு வேறு பிரச்சினை.

விலை இறங்கிய கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. 2001-இல் இந்திய மருந்து நிறுவனம் சிப்லா, ஓர் ஆளுக்கான மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றபோது மேற்கில் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். பிரேசிலும் தாய்லாந்தும் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் போட்டன, அதாவது காப்புரிமைக்காரர் சம்மதமில்லாமலே மலிவுப் பதிப்புக்கு அரசு அனுமதி தந்தது. தாய்லாந்து 2006 கடைசியில், பிரேசில் 2007-இல். உள்நாட்டு நிதி பற்றிப் பேசுகிறவர்கள் வரவுப் பக்கத்தையே பார்க்கிறார்கள். காப்புரிமைச் சட்டமும் நிதிக் கொள்கைதான்.

---

செக்காலை ரோடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ‘மருந்தை முதலில்’ என்பது தவறா? மருந்துச் செலவு இவ்வளவு சிறியது என்றால் திட்டம் ஏன் தடுமாறுகிறது?

---

கண்டனூர் ஆச்சி எழுதியது:

தவறு என்று சொல்ல மாட்டேன் அப்பா. மருந்து கண்ணுக்குத் தெரியும், அமைச்சர் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளலாம், தீர்ந்தால் செய்தியாகும். அதனால் எந்த அரசும் மருந்தை எப்படியாவது வாங்கிவிடும். கைவிடப்படுவது ஆட்கள்.

கொடையாளர் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் யார்? ஆலோசகர், ஆய்வக நுட்பர், தரவுப் பதிவாளர், மருந்து வாங்க வராதவரை வீடு தேடிப் போகும் களப்பணியாளர், சக தொற்றாளர்களிலிருந்தே வந்த உதவியாளர். இவர்களில் பெரும்பாலோர் அரசுப் பணியிடம் இல்லாதவர்கள். மருத்துவரும் செவிலியரும் அரசு ஊதியத்தில் இருப்பார்கள், அவர்களுக்கு மேல்தொகை கொடையாளர் தருவார். பணம் நின்றதும் முதலில் விழுவது இந்த வரிசை. அரசு எடுத்துக்கொள்ளப் பார்த்தால் இரண்டு சுவர். ஒன்று, திட்டச் சம்பளம் அரசு ஊதிய விகிதத்தைவிட அதிகம். குறைத்தால் போய்விடுவார்கள், குறைக்காவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். இரண்டு, மொத்தச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு. கடன் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளில் இது இரும்புக் கதவு.

இதைச் சரியாகக் கையாண்ட ஓர் எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளையின் ‘அவஹான்’ 2003-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசி வழி போதைப் பழக்கமுள்ளோர் ஆகியோருக்கான தடுப்புப் பணி. அதை அரசிடம் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்கவில்லை. 2009, 2011, 2012 என்று மூன்று தவணை. முதலில் சிறு பங்கு, பெரும்பகுதி கடைசியில். கை மாற்றுவதற்கு முன்பே அந்த அமைப்புகளின் செலவு விகிதம், சம்பளம், பதிவேடு எல்லாவற்றையும் அரசு அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாறும் நாளில் அதிர்ச்சி குறைந்தது. அப்படியும் மாறிய பிறகு பணம் தாமதமாக வந்தது, ஆணுறை வரத்து தடைப்பட்டது, சூழலுக்கேற்பச் செலவை மாற்றும் சுதந்திரம் சுருங்கியது. நன்றாகத் திட்டமிட்ட மாற்றத்திலேயே இவ்வளவு.

திட்டமிடாத மாற்றத்துக்கு ருமேனியாவைப் பாருங்கள். குளோபல் ஃபண்டின் எச்.ஐ.வி. பணம் 2010-இல் முடிந்தது. அப்போது புதிய தொற்றுகளில் ஊசி வழி வந்தவை சுமார் 3%. 2013-இல் சுமார் 30%. பழி முழுவதையும் பணத்தின் மேல் போட முடியாது, அதே காலத்தில் ஒரு நாளில் பலமுறை ஊசி போடவேண்டிய புது போதைப்பொருள்கள் அங்கே பரவின. ஆனால் ஊசி மாற்றும் மையங்கள் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். சிகிச்சையை அரசு தொடர்ந்து நடத்தியது, தடுப்பைத்தான் விட்டது.

ஐந்தொகை அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று: அரசு ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்க வேண்டும். பல நாடுகளில் டெண்டர் சட்டம் கட்டடம் கட்டுகிறவருக்கும் நாற்காலி விற்பவருக்கும் எழுதியது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஆணுறை கொடுக்கும் வேலைக்கு அதில் இடமில்லை. தமிழ்நாடு 1994-இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கமாகப் பதிவு செய்ததன் அருமை இங்கேதான். துறைக்குள் சிக்காமல் பணம் சங்கக் கணக்குக்கு வரும், சங்கம் அமைப்புகளோடு ஒப்பந்தம் போடும். பிறகு நாடு முழுக்க இதே வடிவம் போனது. 2014-இல் மத்திய அரசுப் பணத்தை நேராகச் சங்கத்துக்கு அனுப்பாமல் மாநிலக் கருவூலம் வழியாக விட்டபோது பல மாநிலங்களில் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஒதுக்கீடு குறைந்ததால் வந்த தாமதம் இல்லை இது. பணம் வரும் வழி மாறியதால் வந்தது.

அதனால் உங்கள் மூன்றாம் கேள்விக்கு என் பதில்: ஆட்களை முதலில். அதிலும் களப்பணியாளரை. மருந்தைக் கொடையாளர் கடைசிவரை கொடுக்கட்டும். எண்ணுவதற்கும் மாற்றுவதற்கும் அது எளிது.

---

பள்ளத்தூரான் எழுதியது:

ஆச்சி சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. மருந்தைக் கடைசிவரை கொடையாளரிடம் விட்டால், கிடங்குச் சாவி சொன்ன சுங்கம், முன்பணம், கையிருப்பு எதையும் அரசு பழகாமலேயே கடைசி நாள் வந்துவிடும். மொத்தத் தேவையில் 20–30% அளவை இப்போதே சொந்தக் கொள்முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. தோற்றாலும் மாத்திரை தீராது, தோற்ற இடம் தெரிந்துவிடும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். வியட்நாம் 2019-இல் ஏ.ஆர்.டி. மருந்தைச் சமூகச் சுகாதாரக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. ‘காப்பீட்டில் சேர்த்தார்கள்’ என்று ஒரு வரியில் எழுதுவது தவறான பாடம். தொற்றுள்ளோரிடம் காப்பீட்டு அட்டை இருக்க வேண்டும். வாங்க முடியாதவர்களுக்கு மாகாண அரசு பிரீமியம் கட்டியது. கொடையாளர் நடத்திய தனி மையங்கள் காப்பீட்டிடம் பணம் கேட்க முடியாது, அதனால் மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். மருந்துக் கொள்முதலை ஒவ்வொரு மருத்துவமனையிடமும் விடாமல் மையமாக வைத்தார்கள். இவ்வளவுக்கும் தயாரிப்பே சில ஆண்டுகள். அதன் பிறகும் களத் தடுப்புப் பணி காப்பீட்டுக்கு வெளியேதான் நின்றது. நோயாளிக்குப் பணம் தருவதுதான் காப்பீடு, நோய் வராதவருக்கு அதில் வழியில்லை.

தாய்லாந்து வேறு. 2002-இல் வந்த அனைவருக்குமான திட்டம் பொது வரியில் ஓடுவது, பிரீமியம் கிடையாது. 2006 வாக்கில் ஏ.ஆர்.டி. அதற்குள் வந்தது. யாரிடமும் வசூலிக்க வேண்டியதில்லை என்பதால் முறைசாராத் தொழிலாளி விடுபடவில்லை.

நம் பக்கத்து உவமையில் சொன்னால், நகரத்தார் கோயிலுக்குப் புள்ளிவரி (புள்ளி என்பது ஒரு குடும்பம்) ஏன் ஓடுகிறது? ஒவ்வொரு புள்ளியும் ஏட்டில் இருக்கிறது, எந்தக் கோயில் என்பது பிறப்பிலேயே முடிவானது, கட்டாமல் இருப்பது கௌரவக் குறைவு. காப்பீட்டு வழியை எடுக்கும் நாட்டில் அந்த ஏடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலாவி, மொசாம்பிக் போன்ற இடங்களில் பெரும்பாலோர் முறைசாரா வேலையில். அங்கே காப்பீடு என்றால் அரசு ஊழியர் காப்பீடு என்றுதான் முடியும்.

இன்னொன்று ரகசியம். அடையாளம் கேட்காமல் இயங்கிய எச்.ஐ.வி. மையத்திலிருந்து பெயர், முகவரி, அட்டை எண் கேட்கும் முறைக்கு மாறும்போது சிலர் சிகிச்சையையே விட்டுவிடுவார்கள். முதலாளி வழியாகக் காப்பீடு வரும் இடத்தில் இந்தப் பயம் நியாயமானது. கோரிக்கைப் படிவத்தில் நோய்க் குறியீடு யார் கண்ணில் படும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2017 எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதலில்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மற்ற நாட்டில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் காப்பீட்டுக்கு முன்னால் அதைப் போடச் சொல்லுங்கள்.

---

ஐந்தொகை எழுதியது:

ஆச்சியின் வரிசையும் பள்ளத்தூராரின் 20–30% ஒத்திகையும் ஒன்றுக்கொன்று முட்டவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சங்கம், டெண்டர் சட்டம் விட்டுப்போனது என் குறைதான் ஆச்சி.

இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை, மாணவர்கள் கேட்பார்கள். 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதல் கட்டம் தொடங்கியபோது உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடன்தான் முதுகெலும்பு. ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, மத்திய அரசு ஒதுக்கியது ரூ.15,471.94 கோடி, ஆண்டுக்குச் சுமார் ரூ.3,094 கோடி. வெளியார் பணம் இன்னும் வருகிறது, ஆனால் அது நின்றால் திட்டம் நிற்காது. இதற்கு முப்பது ஆண்டு ஆனது. அந்த முப்பது ஆண்டில் பொருளாதாரமும் வளர்ந்தது, மருந்தும் உள்நாட்டிலேயே மலிந்தது. இதை மலாவியிடம் ‘ஐந்து ஆண்டில் செய்’ என்று சொல்வதற்கு நமக்கு வாய் வரக்கூடாது.

வகுப்புக்கு ஒரு பயிற்சித் தாள் போடுங்கள். குறுக்கே ஐந்து கட்டம்: செலவு இனம், இப்போது யார் தருகிறார், எந்த நாணயம், அரசு ஏற்கச் சட்டத் தடை உண்டா, ஏற்கும் ஆண்டு. நெடுக்கே முதல்நிலை மருந்து, இரண்டாம் நிலை மருந்து, பரிசோதனைக் கருவி, அதன் வேதிப்பொருள், பராமரிப்பு ஒப்பந்தம், கிடங்கும் போக்குவரத்தும், ஆலோசகர், களப்பணி, தரவு மென்பொருள். கடைசியானதைச் சிரிக்காதீர்கள். நோயாளிப் பதிவேடு ஓடும் சர்வர் வாடகையைக் கொடையாளர் கட்டிக்கொண்டிருப்பது, அது அணையும் நாளில்தான் பல அமைச்சகங்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும். அரசுகள் ‘எங்கள் பங்கு’ என்று காட்டும் தொகையில் மருத்துவமனைக் கட்டடத்தின் மதிப்பு, பொது மருத்துவர் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்திருக்கும். கொடையாளர் நிபந்தனையை நிறைவு செய்ய அது உதவும், மாத்திரை வாங்க உதவாது. ஆகவே ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது என்று மூன்று எண்ணைத் தனித்தனியே கேளுங்கள். விடுவித்தது நிதியாண்டின் எந்த மாதத்தில் என்பதையும். பதினோராம் மாதத்தில் வரும் பணத்தில் டெண்டர் விட முடியாது. அது காலாவதியாகித் திரும்பிப் போகும், அடுத்த ஆண்டு ‘செலவழிக்கவில்லையே’ என்று ஒதுக்கீட்டையும் குறைப்பார்கள்.

---

செக்காலை ரோடு எழுதியது:

தாளை இப்படியே போட்டுவிடுகிறேன். ‘மருந்தை முதலில்’ என்ற வரியை என் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஆச்சி, களப்பணிச் செலவைக் கற்பனை நாட்டுக்கு எந்த அலகில் போடுவது? ஆளுக்கா, அமைப்புக்கா?

---

கண்டனூர் ஆச்சி எழுதியது:

சென்றடைய வேண்டிய ஆள் கணக்கில் போடுங்கள், அமைப்புக் கணக்கில் போட்டால் அலுவலக வாடகையே பெரிதாகத் தெரியும். ஒரு சக பணியாளருக்கு ஏறத்தாழ 60 பேர் என்று வைத்து, அதற்கு மேல் மேற்பார்வையாளர், ஆலோசகர், கணக்காளர் என்று ஏற்றுங்கள். பேருந்துச் செலவைத் தனியாக எழுதுங்கள், அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

---

கிடங்குச் சாவி எழுதியது:

தாளில் மருந்துக்கான வரிசையில் டாலர் விலைக்குப் பக்கத்தில் எந்தத் தேதியின் மாற்று விகிதம் என்றும் எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு கட்டம் தாளில் இல்லை.